நரம்புப் புணர்ச்சி

நிலைமொழியும் வருமொழியும் புணருங்கால் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரங்கள் நிகழுமென்பது இலக்கணம் பயில்வார் யாவரும் அறிந்ததே. நம் மூளையகத்தும் அத்தகையதொரு புணர்ச்சியுண்டு.

நரம்பணு இரண்டு உறவாடும் இடத்திற்குச் செரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1897-இல் சினாப்ஸ் எனப் பெயரிட்டார். அணுக்கள் ஆங்கு ஒட்டுவதில்லை. மில்லிமீட்டரை 10 இலட்சங் கூறிட்டால் அவற்றுள் ஏறக்குறைய 20 கூறளவே இடைவெளியுளது. பெரும்பாலும் இரசாயனப் பொருள்களே அதனைக் கடந்து செய்தியை உய்க்கின்றன.

தோன்றல் கருவிலேயே தொடங்கும். சென்னை ஐ.ஐ.டி.யார் 2024-இல் வெளியிட்ட தரணி என்னும் படத்தொகுதியில் கருமூளையின் 5132 சீவல்களைக் காணலாம்; ஆயினும் அணுக்கள் தெரியுமேயன்றிப் புணர்ச்சி தெரியாது. அதற்கு மின்னணு நுண்ணோக்கி வேண்டும். அதுகொண்டு இறந்தோர்தம் மூளைகளை ஆய்ந்து எண்ணிய சிகாகோ மருத்துவர் ஹட்டன்லோக்கர், முன்மூளையில் 1, 2 வயதுக் குழவிக்குள்ள புணர்ச்சி நெருக்கம் வளர்ந்தோர்க்குள்ளதினும் ஏறக்குறையப் பாதிப்பங்கு மிகுதியென 1979-இல் முடிபு கூறினார்.

பின்னர்க் கெடுதல். சாரற்காலத்துக் குற்றால மலையில் பாறைதோறும் இழியும் சிற்றோடைகளுள், சாரல் ஓய்ந்தபின் எஞ்சுவன சிலவே. உவமை ஒருபுடைத்தே: ஓடை மழையின்றி வற்றும், புணர்ச்சியோ பயிலாமையால் நீங்கும். பயின்றவை திரிந்து வலுப்பெறும்.

முன்மூளையில் இக்கெடுதல் 20 வயது கடந்தும் தொடர்தலை 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. ஆதலின் மாணாக்கராகிய நாம் இன்னும் முற்றுப்பெறாதவரே. கெடுதல் அளவின் மிகுமாயின்? மனச்சிதைவு நோய் பெரும்பாலும் நம்மொத்த வயதிற் றலைகாட்டுதற்கு அம்மிகையும் ஒரு காரணமாகலாமென அறிஞர் கருதுகின்றனர்.

அருவிநீர் பித்தந் தெளிவிக்குமென நம்பி, தென்காசி வழியே நோயாளரைக் குற்றாலத்திற்கு அழைத்துவருவாருளர். அவரை எள்ளுதல் நமக்கு உடன்பாடன்று. ஆயின் நோய் தோன்றிய அண்மையிலேயே மருத்துவம் பெறுவோர் பெரிதும் தேறுகின்றனராதலின், சாரலுக்கென்று காத்திருக்கும் மாதங்களையே நாம் அஞ்சுகின்றோம்.