ஒற்றைச் சம்பளமும் முப்பது நாளும்
(குடும்ப நலப் பாடம்)



இரண்டு பேர் மலைக்குப் போகும் வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும் மற்றவரின் பேர் விழும், அடுப்பு எரியும். ஒருவர் மட்டும் உழைக்கும் வீட்டில் அந்தத் தாங்கல் கிடையாது. கணவனை இழந்தவர்கள், கணவன் விட்டுப் போனவர்கள், மனைவி மத்திய கிழக்குக்குப் போனதால் பிள்ளைகளைத் தனியே பார்க்கும் தகப்பன்மார் என்று ஒவ்வொரு லயத்திலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. இந்தப் பாடம் முதலில் அவர்களுக்கு, பிறகு நம் எல்லோருக்கும்.

இவர்களைப் பார்த்து "செலவு செய்யத் தெரியல" என்று சிலர் லேசாகச் சொல்லி விடுகிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. சம்பளம் போதாமை ஒரு கஷ்டம். அதைத் தொழிற்சங்கமும் கம்பெனியும் அரசாங்கமும் பேசித் தீர்க்க வேண்டும். காசு வரும் நாளும் செலவு வரும் நாளும் பொருந்தாமல் போவது இன்னொரு கஷ்டம். இந்த இரண்டாவதில் நம் கையால் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எருக்கலம்பிட்டியில் ஒரு பாடம்

நம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து மலைக்கு வந்தவர்கள். இன்றும் நம் வீட்டுக் கருவாட்டில் ஒரு பங்கு அந்தக் கரையில் காய்ந்ததுதான். அந்த மன்னார் தீவில் உள்ள முஸ்லிம் ஊர் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் உத்தரவால் வடமாகாண முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டி மக்களும் அதில் அடங்குவர். சில பைகளும் ஒரு குடும்பத்துக்கு 2,000 ரூபாவும் கொண்டு போகத்தான் அனுமதி. வீடு, வள்ளம், வலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்து புத்தளம் மாவட்டத்தில் கிடுகுக் கொட்டில்களில் தங்கினார்கள்.

அங்கே பல குடும்பங்களுக்கு வரவு இரண்டு வகை. ஒன்று நிவாரணமாகக் கிடைத்த உலர் உணவு. மற்றது வெங்காயத் தோட்டத்திலும் மிளகாய்த் தோட்டத்திலும் கிடைத்த நாட்கூலி. முதலாவது அளவாக வரும். இரண்டாவது மழை பெய்தால் இல்லை, அறுவடை முடிந்தால் இல்லை. வெளியே வேலைக்குப் போய்ப் பழக்கமில்லாத பெண்கள் பலர் அந்தக் கூலிக்குப் போய்த்தான் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிள்ளைகளின் படிப்பை அவர்கள் விடவில்லை. புத்தளத்தில் நாகவில்லு என்ற இடத்தில், தங்கள் ஊரின் பெயரிலேயே பாடசாலை நடந்தது. யுத்தம் 2009 இல் முடிந்த பிறகு ஒரு பகுதியினர் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் புத்தளத்திலேயே வேரூன்றி விட்டார்கள்.

நம் நிலைமை வேறு, அவர்கள் பட்டது வேறு. ஆனாலும் நிலையான சிறு வரவும் நிச்சயமில்லாத கூலியும் என்ற கணக்கு ஒன்றுதான். நம் சம்பளமும் மாதச் சம்பளம் போலத் தெரிந்தாலும், உண்மையில் நாட்கூலிதான். எத்தனை பேர் விழுந்ததோ அத்தனைக்குத்தான் காசு.

குறைந்த மாதத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1,000 ரூபா, 2024 செப்டம்பரில் 1,350 ரூபா என்று உயர்ந்தது. 2026 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், அதோடு வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபாவும் அறிவிக்கப்பட்டன. ஆனால் கொழுந்து குறைந்த வரட்சி மாதத்தில் பேர் குறையும். கொழுந்து கொட்டும் மாதத்தில் கைக்காசும் சேரும்.

நாம் சாதாரணமாக நல்ல மாதத்தை மனதில் வைத்துக் கொண்டு சீட்டுக் கட்டுகிறோம், தவணைக்குப் பொருள் எடுக்கிறோம். வரட்சி மாதத்தில் அது கழுத்தை நெரிக்கும். ஆகவே கடந்த ஒரு வருடச் சம்பளத் துண்டுகளை எடுத்து, எந்த மாதம் ஆகக் குறைவு என்று பாருங்கள். வீட்டுச் செலவை அந்தத் தொகைக்குள் அடக்குங்கள். நல்ல மாதத்தில் கூட வருவது தீபாவளிக்கும், பாடசாலைச் சப்பாத்துக்கும், வருத்தத்துக்கும். சம்பளத் துண்டை அடுப்பு மூட்டப் போட்டு விடாதீர்கள். அதுதான் உங்கள் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம்.

28 நாளா, 30 நாளா?

ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் உள்ள வீடு என்று வைத்துக் கொள்வோம். கழிவுகள் எல்லாம் போகக் கையில் 24,000 ரூபா. இது எடுத்துக்காட்டுக்கு மட்டும். உங்கள் தொகையை நீங்கள் போட்டுக் கொள்ளுங்கள்.

முதலில் ஒதுக்க வேண்டியவை:
பாடசாலை, பஸ், கொப்பி – 3,000
கரண்ட் பில், போன் – 1,500
சவர்க்காரம் முதலிய சாமான் – 1,500
பழைய கடைக் கடன் – 2,000
ஆபத்துக்கு – 1,000
மொத்தம் – 9,000

மீதி 15,000 ரூபா சாப்பாட்டுக்கு. நான்கு வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 3,750. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாதத்துக்கு 28 நாள் இல்லையே! மிச்சம் இரண்டு மூன்று நாளுக்கு எங்கே போவது? கடைக் கொப்பிக்குத்தான். பல வீடுகளில் கடன் பிறப்பது அந்த நாட்களில்தான். 10 ஆம் திகதி சம்பளம் என்றால் 7, 8, 9 ஆம் திகதிகளில் மா கடன், சீனி கடன். சம்பளத்தன்று அதைக் கட்டியதும் அடுத்த மாதம் அந்தளவு குறைவோடு தொடங்கும்.

இதற்குப் பதிலாக 15,000 ரூபாவை 30 நாளால் பிரியுங்கள். நாளுக்கு 500, வாரத்துக்கு 3,500. நான்கு உறையில் 3,500 வீதம் போட்டால் 14,000. ஐந்தாவது உறையில் 1,000. அந்த ஐந்தாவது உறையில் "கடைசி நாட்கள்" என்று எழுதி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நம்பிக்கையான அக்கம்பக்கத்து அம்மாயிடம் கொடுத்து வைத்தாலும் சரி. 31 நாள் மாதத்தில் அந்த உறையில்தான் மூன்று நாள் ஓட வேண்டும். அதற்காக முன்கூட்டியே கொஞ்சம் மாவும் பருப்பும் எடுத்து வைப்பது நல்லது.

கடைக் கொப்பிக்கு இன்னொரு கொப்பி

கடனே வேண்டாம் என்று சொல்வது லேசு. அவசரத்துக்குக் கை கொடுப்பதும் அந்தக் கடைதான். ஆனால் கடைக்காரர் எழுதுவதை நாமும் எழுத வேண்டும். திகதி, சாமான், அளவு, விலை. எழுதத் தெரியாவிட்டால் பாடசாலைப் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் கணக்குப் பழகும். கடனுக்கு ஒரு விலை, காசுக்கு ஒரு விலை இருக்கிறதா என்று மாதம் ஒரு தடவை விசாரியுங்கள்.

சின்னப் பக்கட் விஷயத்தையும் பாருங்கள். 50 கிராம் பக்கட் 60 ரூபா, 400 கிராம் பக்கட் 400 ரூபா என்றால், 100 கிராமுக்கு முதலாவது 120 ரூபா, இரண்டாவது 100 ரூபா. ஒரு வீட்டால் பெரிய பக்கட் முடியாவிட்டால் இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கிப் பிரித்துக் கொள்ளலாம்.

வயிற்றில் கை வைக்காமல்

செலவைக் குறைக்கும்போது தாய் தன் தட்டில்தான் முதலில் குறைக்கிறாள். அவள் படுத்தால் பேர் விழாது, வீடே படுத்து விடும். ஆகவே தாயின் சாப்பாடும் கணக்கில் ஒரு செலவுதான்.

ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. பருப்பு, கடலை, நெத்தலி, முட்டை, இவற்றில் ஒன்றாவது தினமும் சேரட்டும். நெத்தலியை நன்றாக ஊற வைத்துக் கழுவினால் உப்புக் குறையும். கடலையை இரவே ஊறப் போட்டால் விறகு மிச்சம். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலைக்குப் பெரிய காசு தேவையில்லை. கீரையோடு தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் அந்தச் சத்துச் சேர்வது குறையும். நாம் பறிக்கும் தேயிலைதான், ஆனாலும் ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள்.

நமக்கு உரியதைக் கேட்டு வாங்குங்கள்

அஸ்வெசும: 2023 இல் தொடங்கிய இந்த உதவியில், வறியவர் பிரிவுக்கு 10,000 ரூபாவும், மிக வறியவர் பிரிவுக்கு 17,500 ரூபாவும் என 2025 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. பெயர் விடுபட்டிருந்தால் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கேளுங்கள்.

சேமலாப நிதி: இறந்து போன கணவனின் அல்லது மனைவியின் ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப் பணம் வாரிசுக்கு உரியது. மரணச் சான்றிதழையும் திருமணப் பதிவையும் எடுத்துக் கொண்டு தோட்ட ஆபீஸிலும் தொழில் திணைக்களத்திலும் விசாரியுங்கள். உங்கள் பணத்துக்கு யாரை நியமித்திருக்கிறீர்கள் என்பதையும் பார்த்து வையுங்கள்.

தாபரிப்பு: விட்டுப் போன தகப்பன் பிள்ளைக்குச் செலவு கொடுக்க வேண்டும். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம். திருமணம் பதியாவிட்டாலும் பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு.

கிளினிக்: கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் திரிபோஷா இலவசம். அது அந்தப் பிள்ளைக்கே போய்ச் சேரட்டும்.

இவற்றைக் கேட்பது பிச்சையல்ல. கூச்சமாக இருந்தால் எங்களிடம் வாருங்கள். படிவம் நிரப்பித் தருவதும் எங்கள் வேலைதான்.

இந்த மாதம் செய்து பார்க்க

1. ஒரு வருடச் சம்பளத் துண்டுகளைச் சேர்த்து, ஆகக் குறைந்த மாதத்தைக் கண்டு பிடியுங்கள்.
2. ஐந்து உறை செய்யுங்கள். பழைய கொப்பித் தாள் போதும்.
3. கடைக் கடனுக்கு உங்கள் கொப்பி ஒன்று தொடங்குங்கள்.
4. மேலே சொன்ன உதவிகளில் உங்களுக்குக் கிடைக்காதது எது என்று குறித்துக் கொண்டு வாருங்கள்.

முதல் மாதம் ஐந்தாவது உறையில் ஒன்றும் மிஞ்சாமல் போகலாம். அதனால் மனம் விடாதீர்கள். அடுத்த மாதம் 200 ரூபா மிஞ்சினாலும் ஒரு நாள் மாவுக் கடன் குறைந்தது என்று அர்த்தம். எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா? அடுத்த பாடத்தில் தீபாவளி முற்பணத்தை எப்படிப் பாவிப்பது என்று பார்ப்போம்.