சேற்றில் அழுந்திய வண்டியை வின்ச் கொண்டு மீட்கும் முறை

கம்பம் பள்ளத்தாக்கின் ஜனங்களுக்கு இரும்பு வடம் புதியதன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து வடத்தில் தொங்கியவாறே கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தது. இக்காலத்தில் ஜீப்பின் முகப்பில் பொருத்திய வின்ச் என்னும் இழுவை யந்திரத்தின் உருளையில் வடம் சுற்றப்பட்டு வருகிறது.

குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டுச் சாலைகளின் வழியே ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள், மழைக்காலத்தில் தோட்டத்து மண்பாதைகளில் அழுந்துவதுண்டு. கீழே, பெரியாற்றுத் தண்ணீரால் இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் நன்செயில் டிராக்டர்கள் சேற்றில் புதைவதுண்டு. அச்சமயம் உதவிக்கு ஓடி வருவோர் பலர். வடம் அறுந்தால் முதலில் அடிபடுபவரும் அவர்களே. ஆகையால் வண்டியோட்டி மட்டுமன்றி எல்லோரும் இம்முறையை அறிந்திருத்தல் அவசியம்.

அபாயத்தின் காரணம்

இழுபட்ட எஃகு வடம் வளைத்த வில்லை ஒக்கும். வடமோ, கொக்கியோ, கட்டிய இடமோ விட்டுக்கொடுத்தால், உள்ளே அடங்கிய சக்தி நொடியில் வெளிப்பட்டு, நுனி சாட்டைபோல் வீசும். உயிரைப் போக்கும் வல்லமை அதற்குண்டு. செயற்கை நார் வடத்தின் வீச்சு இதனினும் குறைவே. ஆயினும் அது வெயிலிலும் கல்லுராய்விலும் விரைவில் நைந்துவிடும்.

பாரக் கணக்கு

வின்ச்சின் இழுவைத் திறன், பாரம் ஏற்றிய வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கேனும் இருத்தல் வேண்டும். 2,000 கிலோ எடையுள்ள ஜீப்புக்கு 3,000 கிலோ திறன் தேவை. சக்கர அளவு சேற்றில் புதைந்த வண்டியை அசைக்க ஏறக்குறைய அதன் எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரு மடங்கு, அதாவது 4,000 கிலோ. மேட்டில் இழுத்தால் இன்னும் மிகும். ஆகவே முதலில் ஆட்களையும் சுமையையும் இறக்கி, சக்கரங்களின் முன் சேற்றை வெட்டியெடுக்க வேண்டும். மண்வெட்டியே முதற்கருவி.

அதன்பின்னும் போதாவிடில், மரத்தில் கப்பியைக் கட்டி, வடத்தை அதன்வழி செலுத்தி, நுனியை வண்டியிலேயே மாட்டலாம். இழுவை ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும். ஆனால் இரண்டு இழைகளின் பாரத்தையும் அம்மரமே தாங்குகிறது என்பதை மறத்தலாகாது.

வடம் கட்டும் இடம்

ஆழ வேரூன்றிய புளி, மா முதலிய மரத்தின் அடிப்பகுதியே தகுந்தது. அகலமான பட்டைப் பெல்ட்டைச் சுற்றி, அதில் வளையத்தை மாட்ட வேண்டும். வடத்தை நேராக மரத்தில் சுற்றினால் மரப்பட்டையும் வடமும் கெடும். வடத்தைச் சுற்றி அதன் கொக்கியை அவ்வடத்திலேயே மாட்டுவதும் தவறு. திராட்சைப் பந்தலின் கல்தூண், மின்கம்பம், பட்டுப்போன மரம் ஆகியவற்றில் ஒருபோதும் கட்டலாகாது.

இழுக்கும்பொழுது கவனிக்க வேண்டியவை

1. ஒருவரே கட்டளையிட வேண்டும். ‘நிறுத்து’ என்று யார் கூறினும் உடனே நிறுத்த வேண்டும்.

2. வடத்தின் நீளத்தைவிட அதிகத் தூரத்தில் மற்றவர் விலகி நிற்க வேண்டும். இழுபட்ட வடத்தைத் தாண்டுதலும், கப்பியின் இரு இழைகளுக்கு நடுவே நிற்றலும் கூடாது.

3. வடத்தின் நடுவில் நனைந்த சாக்கோ, கனமான கம்பளியோ போட வேண்டும். அறுந்தால் அது வீச்சைத் தணிக்கும்.

4. எஃகு வடமாயின் உருளையில் ஐந்து சுற்றேனும் எஞ்சியிருக்க வேண்டும்.

5. தோல் கையுறை அணிய வேண்டும். வடம் சுருளும்பொழுது உருளையின் அருகே கை செல்லலாகாது. இழை பிரிந்த வடத்தை அன்றே விலக்க வேண்டும்.

டிராக்டர் விஷயம்

புதைந்த டிராக்டரின் பின்சக்கரங்களில் மரக்கட்டையைக் கட்டி ஏற முயலும் வழக்கம் மிகக் கொடியது. கட்டை தடுத்துச் சக்கரம் சுழலாதபொழுது, என்ஜினின் விசை டிராக்டரின் முகப்பையே மேலே தூக்கும். கண்ணிமைப்பதற்குள் வண்டி பின்புறம் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கும். ஒரு டிராக்டரால் மற்றொன்றை இழுக்குங்கால், இழுக்கும் வண்டியின் தாழ்ந்த இழுவைக் கம்பியிலன்றி உயரமான இடத்தில் மாட்டினாலும் இதே கதி நேரும்.

சங்கத்தின் கடமை

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல, டிராக்டர் முதலிய கருவிகளை வாடகைக்கு அளிக்கின்றன. அவற்றோடு பெல்ட், கப்பி, வளையம், கையுறை, சாக்கு ஆகியவற்றை ஒரு பெட்டியில் வைத்து, வடத்தைப் பரிசோதித்த தேதியைப் பதிவேட்டில் எழுதி வருதல் நலம். தனியொருவருக்குப் பாரமான இச்செலவு சங்கத்துக்குச் சிறிது. சேற்றில் அழுந்திய வண்டி நாளைவரை காத்திருக்கும். வடத்தருகே நின்று வீழ்ந்தவரை மீட்க எந்த வின்ச்சாலும் இயலாது.