மலை வேட்டைக்குரிய துப்பாக்கியும் தோட்டாவும்

சேலம், நாமக்கல் சமவெளியைச் சூழ்ந்து சேர்வராயன் மலை, கொல்லிமலை, போதமலை, கல்ராயன் மலை, பச்சைமலை முதலியவை அரண்போல் நிற்கின்றன. மலையடிவாரத்துக் குடியானவனுக்கு அவை ஓடைநீரையும் மேய்ச்சலையும் அளிக்கின்றன, காட்டுப்பன்றிகளையும் அனுப்புகின்றன. நிலக்கடலை காய் பிடிக்கும் பருவத்திலும், குச்சிக்கிழங்கு முற்றும் மாதங்களிலும், ஒரு பன்றிக் கூட்டம் ஓரிரவில் ஒரு காட்டையே கிளறிப் போட்டுவிடும். மகசூல் போய்விடும், விதைக்கும் உரத்துக்கும் சங்கத்தில் வாங்கிய கடன் மாத்திரம் போகாது. மறுநாட் காலையில், "ஒரு நல்ல துப்பாக்கி இருந்தால்!" என்னும் பேச்சு கிராமத்தில் எழுவது இயற்கையே.

நல்ல துப்பாக்கி என்பது யாது? அதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம். 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின், சர்க்கார் அனுமதியின்றி வேட்டையாடுதல் குற்றமாகும். ஆதலால் இங்கே கூறப்படுபவை, அதற்கு முன்னர் மலைகளில் வேட்டையாடியோர் அனுபவத்தால் அறிந்த விஷயங்களாம். அவற்றை அறிந்த அங்கத்தினர், இக்காலத்தில் பன்றியைச் சுடும் பொறுப்பு ஏன் பயிற்சி பெற்றவரிடம் விடப்பட்டிருக்கிறது என்பதைத் தாமே உணர்வர்.

1. முதலில் மிருகம், பிறகு மலை, கடைசியில் துப்பாக்கி

களிமண் நிலத்துக்கும் செம்மண் நிலத்துக்கும் ஒரே கலப்பை உதவுவதில்லை. துப்பாக்கியும் அத்தகையதே. கேளையாடு 20 முதல் 28 கிலோ எடையுள்ளது. வளர்ந்த காட்டுப்பன்றி 100 கிலோவை எட்டும். ஆண்பன்றியின் தோள்மீது தடித்த தோற்கவசமும் உண்டு. ஆண் கடமான் 200 கிலோவுக்கு மேற்பட்டது. காட்டுமாட்டின் காளையோ ஏறக்குறைய 1,000 கிலோ வரை வளரக்கூடியது. கேளையாட்டுக்குப் போதுமான குண்டு காட்டுமாட்டைக் காயப்படுத்திக் கோபமூட்டுவதற்கே உதவும்.

மலைகளும் ஒன்றுபோல் இல்லை. நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளில் வரையாடு பாறை விளிம்பில் நிற்கும். வேட்டைக்காரன் 200 கஜ தூரத்திலிருந்தும் சுட நேரிடும். சேலத்து மலைகளின் சரிவுகளிலோ மூங்கிற் புதரும் முட்காடும் அடர்ந்துள்ளமையால், 100 கஜத்திற்கு அப்பால் மிருகத்தைத் தெளிவாகக் காண்பதே அரிது. அங்கே வேண்டியது நெடுந்தூரம் நேராகச் செல்லும் விரைந்த குண்டு. இங்கே வேண்டியது அண்மையில் ஆழ ஊடுருவும் கனமான குண்டு.

துப்பாக்கியின் எடையும் ஆலோசிக்கத்தக்கது. யானைக்கென்று செய்யப்பட்ட இரட்டைக்குழல் ரைபிள் 10 பவுண்டுக்கு மேலிருக்கும். நாள் முழுதும் மலையேறிய பின் அதைத் தோளில் ஏந்துவோனுடைய கை நடுங்கும். ஆயின் மிக இலேசான துப்பாக்கியில் பலத்த தோட்டாவை இட்டுச் சுட்டால், அது தோளைக் கடுமையாக உதைக்கும். உதைக்கு அஞ்சியவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுவான், குறி தப்பும். தாங்கக்கூடிய உதையே தகுந்த பலத்தின் எல்லை என்பர்.

2. துப்பாக்கி வகைகள்

(அ) மருந்து கெட்டிக்கும் நாட்டுத்துப்பாக்கி. இதில் கருமருந்தும் குண்டும் குழலின் வாய்வழியே கெட்டிக்கப்படும். மருந்தின் அளவு ஆளுக்கு ஆள், வேளைக்கு வேளை மாறும். மழைக்காலத்தில் மருந்து நமத்துப்போகும். அளவு மிகுந்தால் குழலே வெடித்துச் சுடுவோனைக் கெடுக்கும். ஒருமுறை சுட்டபின் மீண்டும் கெட்டிப்பதற்குள் காயம்பட்ட பன்றி திரும்பிப் பாய்ந்துவிடும்.

(ஆ) 12 போர் துப்பாக்கி. குழலின் உள்ளளவுக்குச் சரியான ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பதே இப்பெயரின் பொருள். குழலின் உட்புறம் வழுவழுப்பானது. சிதறும் பெருரவைகள் சுமார் 40 கஜத்திற்குமேல் நம்பத்தக்கவையல்ல. ஒற்றைக் குண்டும் சற்றே கூடுதலான தூரத்துக்குத்தான் உதவும். அண்மையில் பயனுள்ளது, தூரத்தில் மிருகத்தைப் புண்படுத்துவது.

(இ) ரைபிள். இதன் குழலினுள் முறுக்கான வரிகள் வெட்டப்பட்டிருக்கும். அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்கின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல், சுழலும் குண்டும் தன் வழியினின்று விலகாமற் செல்லும். மலை வேட்டைக்கு ரைபிளே உரியதெனக் கொள்ளப்பட்டது இதனாலேயே.

3. தோட்டாவைத் தெரிந்தெடுத்தல்

ரைபிளின் பெயரிலுள்ள எண் பெரும்பாலும் குழலின் விட்டத்தை அங்குலக் கணக்கிற் குறிப்பது. குண்டின் எடை கிரெயின் என்னும் அளவால் சொல்லப்படும். முற்காலத்து வெள்ளி ரூபாயின் எடையாகிய ஒரு தோலா 180 கிரெயினுக்குச் சமம். இதை நினைவிற்கொண்டால் கீழ்க்கண்ட மூன்று உதாரணங்களும் எளிதில் விளங்கும்.

முதலாவது, .275 ரிக்பி. இமயமலைச் சாரலாகிய குமாவுனில் வேட்டையாடிய ஜிம் கார்பெட்டுக்கு 1907-ல் இவ்வகை ரைபிள் பரிசாக அளிக்கப்பட்டது. குண்டு 140 கிரெயின், அதாவது முக்கால் தோலாவுக்குச் சற்று அதிகம். துப்பாக்கி இலேசானது, குண்டு விரைந்து நேராகச் செல்லும், செங்குத்தான மலைகளுக்கு ஏற்றது.

இரண்டாவது, .315. ராணுவத்தார் கையாண்ட .303 அளவு தனிமனிதருக்கு மறுக்கப்பட்டமையால், இவ்வளவுள்ள ரைபிள்கள் சர்க்கார் ஆயுதத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்டு இந்தியாவெங்கும் பரவின. குண்டு 244 கிரெயின், சுமார் ஒன்றேகால் தோலாவுக்கு மேல். மானுக்கும் பன்றிக்கும் போதுமானது.

மூன்றாவது, .405 வின்செஸ்டர். பழைய சேலம் ஜில்லாவில் அடங்கியிருந்ததும் இப்போது கிருஷ்ணகிரி ஜில்லாவிலுள்ளதுமான ஜவளகிரிப் பக்கத்துக் காடுகளில் வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சன் விரும்பிக் கையாண்டது இதுவே. குண்டு 300 கிரெயின், ஒன்றேமுக்கால் தோலாவுக்குச் சற்றுக் குறைவு. வேகம் செகண்டுக்கு 2,200 அடி. அடர்ந்த காட்டில் அண்மையில் எதிர்ப்படும் புலிக்கும் சிறுத்தைக்கும் ஏற்றது. நெடுந்தூரத்தில் குண்டு விரைவில் தாழ்ந்துவிடும்.

குண்டின் எடை இருமடங்கானால் அதன் சக்தி இருமடங்காகும். வேகம் இருமடங்கானால் சக்தி நான்கு மடங்காகும். ஆயினும் சக்தி ஒன்றே போதாது. குண்டின் முனையும் தக்கதாயிருத்தல் வேண்டும். ஈயம் வெளித்தெரியும் மென்முனைக் குண்டு உடலினுள் விரிந்து தன் சக்தியை அங்கேயே செலவிடும். மானுக்கும் பன்றிக்கும் அதுவே உரியது. முழுதும் உலோகத்தால் மூடிய வன்முனைக் குண்டு விரியாமல் ஆழச் செல்லும். யானை, காட்டுமாடு போன்றவற்றுக்கே அது உரியது.

4. ஏற்றத்திலும் இறக்கத்திலும் சுடுதல்

நிலத்தை அளப்போர் மேடுபள்ளமான பூமியிற் சங்கிலியைச் சரிவாகப் போடாமல் மட்டமாகப் பிடித்து அளப்பர். சரிவின் நீளம் வேறு, மட்டத்தின் நீளம் வேறு. குண்டின் கணக்கும் இவ்வாறே. பூமியின் இழுப்பு குண்டைத் தாழ்த்துவது, மட்ட தூரத்தையே பெரும்பாலும் பொறுத்தது. 30 பாகைச் சரிவில் 200 கஜத்திலுள்ள மிருகம், கணக்கில் 173 கஜத்திலுள்ளது. 45 பாகைச் சரிவில் 141 கஜமே. இதை அறியாமல் 200 கஜத்துக்குரிய குறியை வைப்போனுடைய குண்டு, மேல்நோக்கிச் சுட்டாலும் கீழ்நோக்கிச் சுட்டாலும், மிருகத்தின் முதுகுக்கு மேலே செல்லும்.

5. குறிக்குப் பின்னால் இருப்பது

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் அம்பு ஒன்றே யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஊடுருவிச் சென்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். அரசனுக்கு அது புகழ். துப்பாக்கி ஏந்துவோனுக்கோ அது ஓர் எச்சரிக்கை. ரைபிள் குண்டு மிருகத்தை ஊடுருவியும், குறி தப்பியும், ஒரு மைலுக்கு அப்பாலும் செல்லவல்லது. பின்புறம் மண்மேடு இருந்தால் குண்டு அதில் அடங்கும். பின்புறம் வானமாயிருந்தால், அது எந்தச் சாளையில், எந்தக் காவற்பரணில் போய் விழுமென்று எவரும் சொல்ல இயலாது. இரவில் நிலக்கடலைக் காட்டில் அசையும் நிழல், தன் பயிரைக் காக்க வந்த அடுத்த காட்டுக்காரராகவும் இருக்கலாம்.

அரைகுறையாகச் சுடுவதன் தீமை இதனினும் கொடியது. கார்பெட் 1907-ல் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதைக் கொன்றமைக்கே அந்த.275 ரைபிள் அவருக்குப் பரிசாயிற்று. அப்புலியின் வலப்புறத்து மேல், கீழ்க் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. பழைய துப்பாக்கிக் காயமே அதற்குக் காரணமென்றும், அதனால் இயற்கையான இரையைப் பிடிக்க இயலாமல் அது மனிதரைக் கொல்லத் தொடங்கிற்றென்றும் அவர் எழுதினார். தகாத துப்பாக்கியால், தகாத தூரத்தில் ஒருவன் சுட்ட குண்டின் பலனை, அவனை அறியாத நூற்றுக்கணக்கானோர் அனுபவித்தனர்.

6. இக்காலத்துச் சட்டமும் சங்கத்தின் கடமையும்

1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். துப்பாக்கியில்லாதோர் சிலர் அவுட்டுக்காய் வைப்பதும், வேலியில் மின்சாரத்தை நேரே பாய்ச்சுவதும் உண்டு. அவுட்டுக்காய் பன்றியென்றும் பசுவென்றும் பாராமல் கடித்ததன் வாயைச் சிதைக்கும். 2023 மார்ச்சில் தருமபுரி ஜில்லா மாரண்டஹள்ளி அருகே, பயிர்க்காவலுக்கென மின்சாரம் பாய்ச்சிய வேலியில் மூன்று யானைகள் மாண்டன. அவ்விடத்தில் ஒரு குழந்தை கைவைத்திருந்தாலும் கதி அதுவே.

தமிழ்நாடு சர்க்கார் 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிவிப்பின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் காட்டுப்பன்றியைச் சுடலாகாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை அதைப் பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். ஆகவே சங்க அங்கத்தினர் செய்யத்தக்கவை வருமாறு:

சேதம் நேர்ந்த தேதி, சர்வே எண், பரப்பு, பயிர் ஆகியவற்றைச் சங்கத்தில் ஒரு புத்தகத்தில் உடனுக்குடன் பதிதல்; தனித்தனியே முறையிடாமல் கிராம நிர்வாக அலுவலர் மூலமும் வன ரேஞ்சரிடமும் கூட்டாக மனுச் செய்து நிவாரணமும் நடவடிக்கையும் கோருதல்; அடுத்தடுத்த காடுகளுக்குப் பொதுவாகச் சூரியசக்தி வேலி அமைத்தல்; காய் பிடிக்கும் வாரங்களில் முறைவைத்து இரவுக்காவல் இருத்தல். ஒருவனுடைய காட்டைவிட்டு விரட்டிய பன்றி அடுத்தவன் காட்டுக்கே போகும்; ஊராரெல்லாம் சேர்ந்து விரட்டினாலன்றி அது மலைக்குத் திரும்பாது.

சாரம்: மிருகத்துக்கும் மலைக்கும் ஏற்றதே நல்ல துப்பாக்கி. ஒரே குண்டில் துன்பமின்றி முடிப்பதே நல்ல தோட்டா. பின்னால் யார் இருக்கிறார் என்று அறியாமல் விசையைத் தொடாதவனே அதை ஏந்தத் தக்கவன்.

கூட்டத்தில் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. நீலகிரிக்கு ஏற்ற ரைபிள் சேலத்து மலைகளுக்கு ஏன் ஏற்றதன்று?
2. மென்முனைக் குண்டுக்கும் வன்முனைக் குண்டுக்கும் உள்ள வேற்றுமை யாது?
3. சரிவிற் சுடும் குண்டு ஏன் குறிக்கு மேலே செல்கிறது?
4. நம் கிராமத்து எல்லை காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர்? அதற்குப் பொருந்தும் விதி எது?
5. சென்ற பருவத்தில் நம் அங்கத்தினருக்குப் பன்றியால் நேர்ந்த சேதம் சங்கப் புத்தகத்தில் பதியப்பட்டுள்ளதா?