முதுகுப்பையோடு கல்வராயன் மலைக்கு: முதல் தனிநடைக்கு வீட்டிலேயே செய்யும் ஆயத்தங்கள்

முதன்முறை தனியாக மலையில் நடக்க விரும்புகிறவர்களுக்குக் கல்வராயன் மலை ஏற்ற இடம். பெரும்பகுதி 2,000 முதல் 3,000 அடி உயரம்தான் என்பதால் மூச்சுத் திணறும் பயம் இல்லை. வழியில் ஊர்கள் உண்டு. தனியாக நடப்பதில் தப்பே இல்லை. யாருக்கும் தெரியாமல் நடப்பதுதான் ஆபத்து. கீழே உள்ள குறிப்புகளில் சில அதைத் தவிர்ப்பதற்காகவே.

1. முதல் நடைக்குக் காட்டுப் பாதை வேண்டாம். கச்சிராயபாளையம், கோமுகி அணை, கரியாலூர், வெள்ளிமலை என்று பேருந்து போகும் மலைச்சாலையையே தேர்ந்தெடுங்கள். ஒரு இரவு, இரண்டு பகல் போதும். கால் ஒத்துழைக்காவிட்டால் கையைக் காட்டிப் பேருந்தில் ஏறிவிடலாம். இரவு தங்க ஊருக்குள் இடம் பேசி வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

2. சாலையை விட்டுக் காப்புக்காட்டுக்குள் போவதாக இருந்தால் கள்ளக்குறிச்சியில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் பெற்ற பிறகே போக வேண்டும். அனுமதி இல்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பரவிய காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேரை இழந்தோம். காய்ந்த போதைப்புல் சரிவில் தீ ஏறும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலைநடை பற்றி யோசிக்கவே வேண்டாம்.

3. கிளம்பும் முன் ஒரு மாதமாவது பழகுங்கள். பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள். வாரம் ஒரு கிலோ கூட்டுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கும். அதனால் இறங்குவதையும் அதே அக்கறையோடு பழக வேண்டும்.

4. தண்ணீரையும் சேர்த்துப் பையின் எடை உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. கட்டி முடித்ததும் தெருமுனை மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். கூடுதலாக இருந்தால் முதலில் துணியைக் குறையுங்கள். கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். அடியில் போனால் தோள் பின்னால் இழுபடும்.

5. பைக்குள் முதலில் ஒரு பெரிய பாலித்தீன் உறையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்குங்கள். எந்த மழை உறையும் இதற்கு இணையில்லை.

6. அடுப்பு எடுக்க வேண்டாம். முதல் நாளுக்குப் புளிசாதம். பிறகு அவலும் நாட்டுச்சர்க்கரையும், வெல்லம் சேர்த்து இடித்த பொட்டுக்கடலை மாவு, கடலைமிட்டாய், பேரீச்சை. தீ மூட்டாமல் சாப்பிடக்கூடியவை எல்லாம் நல்லவையே.

7. தண்ணீர் மூன்று லிட்டருக்குக் குறையக்கூடாது. ஓடை எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். ஊரில் கேட்டுக் காய்ச்சிய நீரை நிரப்பிக்கொள்ளுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இரண்டு வையுங்கள். தீர்ந்துவிட்டால் ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி.

8. புதுச் செருப்பு, புது ஷூ எதையும் மலையில் முதல்முறை போடாதீர்கள். கால் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள். விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் தடவினால் உராய்வு குறையும். எங்காவது சுடுவதுபோல் தோன்றினால் அடுத்த திருப்பம் வரட்டும் என்று காத்திராமல் அங்கேயே நின்று பிளாஸ்டர் ஒட்டுங்கள்.

9. மழைக்காலத்தில் கோமுகி அணையிலிருந்து உபரி நீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மேலே ஓடைகளெல்லாம் பெருகியிருக்கும் என்பதற்கு அதுவே அறிகுறி. பெரியார் அருவி, மேகம் அருவிப் பக்கம் வானம் தெளிவாக இருந்தாலும், மலை உச்சியில் பெய்த மழை திடீரென வெள்ளமாக இறங்கும்.

10. எந்த வழி, எங்கே தங்கல், எத்தனை மணிக்குள் அழைப்பேன், அழைக்காவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒட்டுங்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். இன்னொரு பிரதியில் உங்கள் இரத்த வகையையும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. சிக்னல் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு, ஊர் வந்ததும் அதை மாற்றுங்கள்.

11. மலையில் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். ஊருக்குள் நுழைந்ததும் பெரியவர் ஒருவரிடம் வணக்கம் சொல்லி, "கரியாலூருக்கு நடந்து போறேங்கய்யா" என்று தெரிவியுங்கள். நீங்கள் வரவில்லை என்றால் முதலில் தேடப் புறப்படுபவர்கள் அவர்கள்தான். கோயிலையும் வீட்டுப் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

12. மாலை ஐந்து மணிக்கு மேல் நடை வேண்டாம். இருட்டில் குறுக்கு வழி என்று மரவள்ளி, மக்காச்சோளக் கொல்லைக்குள் இறங்கவே கூடாது. காட்டுப்பன்றிக்காகச் சட்டவிரோதமாக மின்கம்பி கட்டியிருக்கலாம். பாம்பு தீண்டினால் கட்டுப்போடவோ கீறவோ வேண்டாம். அந்தக் காலை அசைக்காமல் வைத்து 108ஐ அழையுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

13. திரும்பி வந்ததும் துணியை வெந்நீரில் ஊறவைத்து, நீங்களும் நன்றாகத் தேய்த்துக் குளியுங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் அக்குள், இடுப்பு, தொடை இடுக்குகளில் சிகரெட் சுட்டதுபோலக் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் நிறையவே உண்டு. டாக்ஸிசைக்ளின் மாத்திரையால் எளிதில் குணமாகும், காலம் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. பொருக்கு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் மலைக்குப் போய்வந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.