பெயரில்லாத மறுப்பை ஏற்கலாமா?

மாணவர்களே, பள்ளி அறிவியல் விழாவில் உங்கள் குழுவின் செயல்திட்டம் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது எனக் கொள்வோம். செடியின் வளர்ச்சிக்கு ஒளி தேவை என்பதே உங்கள் முடிவு. மாலையில் வந்து பார்த்தால், அதன்மேல் ஒரு துண்டுச் சீட்டு: “இரண்டு செடிகளுக்கும் ஊற்றிய நீரின் அளவு வெவ்வேறு. அப்படியிருக்க, ஒளிதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” கீழே பெயர் இல்லை.

பெயரைச் சொல்லத் துணிவில்லாதவர் பேச்சை ஏன் கேட்க வேண்டும் என்று சீட்டைக் கிழித்துப் போடுவீர்களா? அல்லது நீரின் அளவைச் சரிபார்ப்பீர்களா?

இதே சிக்கல் 1936ஆம் ஆண்டில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கும் வந்தது.

அச்சுக்கு முன் ஒரு சோதனை

அறிவியலாளர் ஒருவர் தம் ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்பினால், அது உடனே அச்சேறிவிடாது. இதழாசிரியர் அதை அதே துறை அறிந்த வேறு சிலரிடம் படிக்கக் கொடுப்பார். சோதனை முறை சரியா, கணக்கு சரியா, முடிவுக்குப் போதிய சான்று உண்டா என அவர்கள் பார்த்துக் கருத்து எழுதுவார்கள். இதற்குச் சக ஆய்வாளர் மதிப்பீடு என்று பெயர்.

பல இதழ்களில், கட்டுரையை எழுதியவர் யார் என்பது மதிப்பீட்டாளருக்குத் தெரியும். மதிப்பீட்டாளர் யார் என்பது எழுதியவருக்குத் தெரியாது. இது ஒருவழி மறைப்பு. இருவருக்குமே மற்றவர் பெயர் தெரியாவிட்டால், அது இருவழி மறைப்பு. இரு பெயர்களும் வெளிப்படையாக இருந்தால், அது திறந்த மதிப்பீடு.

ஐன்ஸ்டைனின் கோபம்

ஈர்ப்பு அலைகள் இருக்க வேண்டும் என்று 1916இல் முன்கூட்டிச் சொன்னவர் ஐன்ஸ்டைன்தான். கனமான பொருள்கள் வேகமாகச் சுழலும்போது கால-வெளியில் எழும் அதிர்வுகளே அவை. ஆனால், இருபது ஆண்டுகள் கழித்து அவர் மனம் மாறினார். நேதன் ரோசனுடன் சேர்ந்து, அத்தகைய அலைகள் இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரை எழுதி, அமெரிக்காவின் ‘பிசிகல் ரிவியூ’ இதழுக்கு அனுப்பினார்.

இதழாசிரியர் ஜான் டேட் அதை ஒரு மதிப்பீட்டாளரிடம் கொடுத்தார். பத்துப் பக்க விமர்சனம் வந்தது. அதைப் பெயர் குறிப்பிடாமல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பி, அவர் கருத்தைக் கேட்டார் டேட்.

ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்தது. அச்சிடுவதற்கு முன் கட்டுரையைப் பிறரிடம் காட்டத் தாம் அனுமதி தரவில்லை என்றும், பெயர் தெரியாத அந்த நிபுணரின் கருத்துகளுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றும் எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பிற்காலத்தில் எழுதிய சிறு குறிப்பு ஒன்றைத் தவிர, அந்த இதழில் அவர் மீண்டும் எழுதவில்லை.

தவறு எங்கே இருந்தது?

ஐன்ஸ்டைனின் கணக்கில் ஓரிடத்தில் விடை முடிவிலிக்குப் போனது. அதனால் அலைகளே இருக்க முடியாது என்று அவர் முடிவு கட்டினார். மதிப்பீட்டாளர் அதை வேறு விதமாகப் பார்த்தார்.

உலக உருண்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். வட துருவத்தில் எல்லாத் தீர்க்கக் கோடுகளும் ஒரே புள்ளியில் கூடுகின்றன. துருவத்தின் தீர்க்க ரேகை எத்தனை பாகை என்று கேட்டால் விடை கிடையாது. அதனால் வட துருவமே இல்லை என்று சொல்வோமா? குறை பூமியில் இல்லை. நாம் வரைந்த கோடுகளில் இருக்கிறது. ஐன்ஸ்டைனின் கணக்கிலும் இதைப் போன்ற சிக்கலே இருந்தது. இடத்தைக் குறிக்கும் முறையை மாற்றி, அலைகளை உருளை வடிவில் பரவுவனவாகக் கொண்டால் சிக்கல் தீர்ந்தது.

அந்த மதிப்பீட்டாளர் ஹோவர்ட் பெர்சி ராபர்ட்சன். அவர் பணியாற்றியது பிரின்ஸ்டனில். ஐன்ஸ்டைன் வாழ்ந்த அதே ஊர். பின்னர் ஐன்ஸ்டைனின் உதவியாளர் லியோபோல்ட் இன்ஃபெல்ட் அவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது, தவறு எங்கே என்பதை ராபர்ட்சன் விளக்கினார். விமர்சனம் எழுதியவர் தாம்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திருத்தினார். 1937இல் அது முடிவு மாறி, வேறோர் இதழில் வெளிவந்தது. மதிப்பீட்டாளரின் பெயர் இதழின் பழைய பதிவேட்டிலிருந்து 2005இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் ஈர்ப்பு அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தன. பெயரில்லாத அந்த மறுப்பே சரியான பக்கம் இருந்தது.

பெயரை மறைப்பதால் தரம் குறையுமா?

உலகப் புகழ் பெற்ற ஒருவரிடம், அதுவும் அதே ஊரில் வாழ்பவரிடம், “உங்கள் கணக்கு தவறு” என்று கையொப்பமிட்டு எழுதுவது எல்லாருக்கும் எளிதன்று. மறைப்பு அந்தத் தயக்கத்தைப் போக்குகிறது. ஆனால், அதற்கு மறுபக்கமும் உண்டு. போட்டியாளர் ஒருவர் பொறாமையால் நல்ல கட்டுரையைத் தடுக்கலாம், சோம்பலாக இரண்டு வரி எழுதலாம், கடுஞ்சொல் வீசலாம்.

இதையும் அறிவியல் முறையிலேயே சோதித்தார்கள். ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 1999இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்பீட்டாளர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினரிடம், உங்கள் பெயர் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கப்படும் என்று சொல்லப்பட்டது. மற்றப் பிரிவினரின் பெயர் மறைக்கப்பட்டது. இங்கே தற்சார்பு மாறி, பெயர் வெளிப்படுவதா இல்லையா என்பது. சார்பு மாறி, மதிப்பீட்டின் தரம்.

தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால், பெயர் தெரியும் என்றதும் 35 விழுக்காட்டினர் மதிப்பிட மறுத்தனர்; பெயர் மறைக்கப்பட்ட பிரிவில் மறுத்தவர்கள் 23 விழுக்காட்டினர். பெயரைக் கேட்டதால் கருத்து மேம்படவில்லை. கருத்துச் சொல்ல முன்வருவோர்தான் குறைந்தனர். அப்படியும் அந்த இதழ் திறந்த மதிப்பீட்டையே தேர்ந்தெடுத்தது. பிறர் உழைப்பைத் தீர்ப்பிடுபவர் தம் பெயருடன் நிற்பதே நேர்மை என்பது அதன் வாதம். சோதனை தரவுகளைத் தரும். எது நியாயம் என்பதை நாம்தான் எண்ணி முடிவு செய்ய வேண்டும்.

மறைவு வேறு, பொறுப்பின்மை வேறு

ராபர்ட்சனின் கருத்தை ஏற்கத்தக்கதாக ஆக்கியவை இரண்டு. முதலாவது, அதில் காரணம் இருந்தது. பத்துப் பக்கங்களையும் யார் வேண்டுமானாலும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். இரண்டாவது, அவர் பெயர் ஐன்ஸ்டைனுக்குத் தெரியாவிட்டாலும் இதழாசிரியருக்குத் தெரியும். வரம்பு மீறினால் கேட்க ஒருவர் இருந்தார்.

இந்த இரண்டும் இருந்தால் பெயரில்லாத கருத்தையும் தயங்காமல் வாங்கலாம். இரண்டும் இல்லாத கருத்து வெறும் வசை. “உன் ஆய்வு குப்பை” என்பதைச் சரிபார்க்க வழியே இல்லை. “நீரின் அளவு வெவ்வேறு” என்பதை ஓர் அளவுக்குவளை போதும், சரிபார்த்துவிடலாம்.

செய்து பாருங்கள்

1. வகுப்பில் ஐந்து ஆய்வறிக்கைகளைப் பெயருக்குப் பதில் எண்ணிட்டு வையுங்கள்.
2. ஒவ்வொருவரும் ஓர் அறிக்கைக்குக் கருத்து எழுதுங்கள். பாதிப் பேர் பெயருடன். மீதிப் பேர் பெயரின்றி. யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யுங்கள். எல்லாருடைய பெயர்ப் பட்டியலும் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும்.
3. காரணம் சொல்லும் கருத்துகள், வெறும் பாராட்டுகள், புண்படுத்தும் சொற்கள் ஆகியவற்றை இரு பிரிவிலும் எண்ணி அட்டவணைப்படுத்துங்கள்.

சிந்திக்க

அ. இச்சோதனையில் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் யாவை?
ஆ. ஆசிரியரிடம் பெயர்ப் பட்டியல் இருப்பது முடிவை மாற்றுமா? எப்படிச் சோதிப்பீர்கள்?
இ. கட்டுரையின் மேல் ஐன்ஸ்டைன் என்ற பெயரும் மறைக்கப்பட்டிருந்தால், ராபர்ட்சனின் விமர்சனம் வேறு விதமாக இருந்திருக்குமா? காரணத்துடன் எழுதுங்கள்.