அந்திக்கிறிஸ்து ஒருவனா, பலரா?

கேள்வி: அந்திக்கிறிஸ்து இனி வரப்போகும் ஒரே மனிதனா? அவனோடு விசுவாசி செய்யவேண்டிய யுத்தம் எத்தகையது?

பதில்: அந்திக்கிறிஸ்து வருவானென்று சபையார் கேள்வியுற்றிருந்ததை மறுக்காமலே, அத்தகையோர் அநேகர் அப்பொழுதே தோன்றிவிட்டனரென்றும், அவர்கள் சபையினின்றே பிரிந்து போனவர்களென்றும் யோவான் தமது முதல் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் எழுதுவதால், இரண்டும் உண்மையென்றே கொள்ளல் வேண்டும். நீரோ சக்கரவர்த்தி முதலாக, 16ஆம் நூற்றாண்டில் லூதர் சுட்டிய போப்பாண்டவர் பீடம் ஈறாக, அவரவர் காலத்துப் பகைவர்மீது அப்பெயரைச் சுமத்திவந்த வழக்கம் என் நெஞ்சை வருத்துகிறது. ஏனெனில், நமது போராட்டம் மனிதரோடு அன்று என எபேசியருக்குத் தெளிவுறுத்தும் பவுல், சத்தியமென்னும் கச்சை, நீதியென்னும் மார்க்கவசம், விசுவாசமென்னும் கேடகம் என்று அடுக்கும் சர்வாயுதத்துள் தாக்குதற்குரியது தேவவசனமாகிய பட்டயம் ஒன்றே. அதனையடுத்து, விலங்கு பூண்டிருந்த அவர் தமக்காக வேண்டியதும் விடுதலையன்று. சுவிசேஷத்தைத் தைரியமாய்ப் பேசுதற்கான ஜெபமே.