இலட்சியமும் பிரமையும்: பேத்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. டான் குயிக்ஸாட் கதையின் இரண்டு பாகங்களையும் படித்து முடித்ததாகவும், முடித்த பின் மனம் சோர்ந்து போனதாகவும் எழுதியிருக்கிறாய். உலகத்தில் நியாயத்தை நிலைநாட்டப் புறப்பட்ட ஒருவன், வழியெல்லாம் அடியும் அவமானமும் பட்டு, கடைசியில் தான் நம்பியதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான் என்றால், இலட்சியம் என்பதே மரியாதையான பெயர் பூண்ட சித்தப்பிரமைதானோ என்று கேட்கிறாய். பட்டணத்து உத்தியோகத்தை விட்டுக் கிராமத்துப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போக வேண்டும் என்ற உன் எண்ணத்தைத் தோழியர் பரிகாசம் செய்கிற சமயத்தில் இந்தக் கேள்வி எழுந்திருப்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி, அம்மா.

முதலில், அந்த நூலை எழுதிய செர்வாண்டிஸ் எப்படிப்பட்ட மனிதர் என்பதை எண்ணிப் பார். 1571ஆம் ஆண்டு லெப்பாந்தோ கடற்போரில், காய்ச்சலோடு இருந்தும் ஒதுங்கியிருக்க மறுத்துப் போரிட்டு, மார்பில் குண்டடி பட்டு, இடக்கையின் பயனை வாழ்நாள் முழுவதும் இழந்தவர் அவர். 1575இல் தாயகம் திரும்பும் வழியில் கடற்கொள்ளையரிடம் சிக்கி, அல்ஜியர்ஸ் நகரில் ஐந்து ஆண்டுகள் அடிமையாகக் கிடந்து, நான்கு முறை தப்பியோட முயன்று தோற்றவர். மீட்புப் பணத்தால் விடுதலை பெற்று ஊர் திரும்பிய பின்பும் அவருக்குப் பதவியோ பரிசோ கிடைக்கவில்லை. கப்பற்படைக்குத் தானியம் திரட்டும் வேலையும், வரிக் கணக்குத் தகராறால் 1597இல் செவில் நகரச் சிறையுமே கிடைத்தன. இவ்வளவுக்கும் பிறகு, அறுபதை நெருங்கும் வயதில் 1605இல் முதல் பாகத்தையும், பின்னர் 1615இல் இரண்டாம் பாகத்தையும் வெளியிட்ட அந்த மனிதருடைய சிரிப்பு, வீரத்தை அறியாதவன் வீரத்தைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பாக இருக்க முடியாது. எதைத் தம் உயிரைப் பணயம் வைத்து நேசித்தாரோ அதையே அவர் பரீட்சை செய்கிறார்.

அந்தப் பரீட்சை நூலின் முதல் அத்தியாயத்திலேயே தொடங்கிவிடுகிறது. டான் குயிக்ஸாட் காற்றாலைகளை அரக்கர்கள் என்று எண்ணிப் பாய்ந்த காட்சியை உலகமே அறியும். ஆனால் அதற்கும் முந்திய ஒரு சிறு செய்தியை நீ கவனித்தாயோ, என்னவோ. முன்னோர் விட்டுச் சென்ற பழைய தலைக்கவசத்தில் முகமூடிப் பகுதி இல்லாததால், அந்தப் பெரியவர் அட்டையைக் கொண்டு அதைச் செய்து பொருத்துகிறார். உறுதியைச் சோதிக்க வாளை ஓங்கி வெட்டுகிறார். ஒரு வாரத்து உழைப்பு ஒரே வெட்டில் சிதறிப்போகிறது. மறுபடியும், உள்ளே இரும்புத் தகடுகள் வைத்து, செய்கிறார். ஆனால் இரண்டாம் முறை அதைச் சோதிக்க மனமில்லாமல், இதுவே சிறந்த கவசம் என்று தமக்குத் தாமே தீர்மானித்துக்கொள்கிறார். நியாயத்தை விரும்பியதில் அவருடைய பிரமை தொடங்கவில்லை. இரண்டாம் முறை வாளை ஓங்க அஞ்சிய அந்தக் கணத்தில்தான் தொடங்கியது. இலட்சியமும் பிரமையும் உள்ளிருந்து பார்ப்பவனுக்கு ஒரே உருவத்தில்தான் தோன்றும். தன்னைச் சோதிக்க இடங்கொடுப்பது இலட்சியம். சோதனை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வது பிரமை.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. அது இதைக் காட்டிலும் முக்கியமானது. ஒரு பண்ணைக்காரன், மாதக்கணக்கில் கூலி பாக்கி வைத்திருக்கும் ஆட்டுக்காரச் சிறுவன் ஆந்திரேஸை மரத்தில் கட்டிவைத்து வாரால் அடிப்பதைக் கண்டு, டான் குயிக்ஸாட் தடுத்து, பாக்கியைக் கொடுத்துவிடுவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு, நியாயம் ஜெயித்துவிட்டது என்ற பூரிப்போடு குதிரையைத் தட்டிவிடுகிறார். அவர் தலை மறைந்ததும், பண்ணைக்காரன் அந்தப் பிள்ளையை மறுபடியும் கட்டி, குற்றுயிராகும்வரை அடிக்கிறான். பின்னொரு நாள் வழியில் எதிர்ப்பட்ட ஆந்திரேஸ், தன்னைத் துண்டு துண்டாக வெட்டுவதைக் கண்டாலும் இனி உதவிக்கு மட்டும் வந்துவிட வேண்டாம் என்று அவரை வேண்டிக்கொண்டு போகிறான். அந்த வீரருக்குக் கருணை இருந்தது, தைரியம் இருந்தது. கூட நின்று காரியம் முடிகிறதா என்று பார்க்கும் பொறுமை மட்டும் இல்லை. அதற்கான விலையைக் கொடுத்தவனோ அந்தச் சிறுவன்.

இந்த விலையைத்தான் இரண்டரை நூற்றாண்டுக்குப் பின், 1857இல் நூலாக வந்த 'மேடம் பொவாரி'யில் பிளாபேர் இரக்கமற்ற தெளிவோடு கணக்கிட்டுக் காட்டுகிறார். கன்னிமாடத்தில் காதற்கதைகளைப் படித்து வளர்ந்த எம்மா, அவற்றில் கண்ட வாழ்வை ஒரு கிராமத்து வைத்தியரின் வீட்டில் தேடி, கிடைக்காமல், பட்டுத் துணிகளிலும் ரகசிய உறவுகளிலும் அதை விலைக்கு வாங்க முயன்று, கடனில் மூழ்கி, நஞ்சுண்டு மாள்கிறாள். கணவனும் துயரத்தால் இறக்க, அவளுடைய சிறு மகள் பஞ்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். டான் குயிக்ஸாட்டின் கனவில் அநாதைகளும் அபலைகளும் இருந்தார்கள்; எம்மாவின் கனவில் எம்மா ஒருத்திதான் இருந்தாள். ஆனால் இருவருடைய கனவுக்கும் ஒரு குழந்தை விலை கொடுத்தது என்பதை மறவாதே. கனவின் மேன்மை, அதன் விளைவுக்கு நாம் ஏற்க வேண்டிய பொறுப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுவதில்லை.

ஆனால், இப்படிச் சோதிக்கும் விவேகம் வேறு, பரிகாசம் வேறு. இரண்டாம் பாகத்தில் வரும் பிரபுவும் அவர் மனைவியும் முதல் பாகத்தைப் படித்தவர்கள். படிப்பும் செல்வமும் ஓய்வும் நிரம்பியவர்கள். அந்த முதியவரையும் அவருடைய பணியாள் சாங்கோ பான்சாவையும் தங்கள் மாளிகையில் வைத்து, நாள்தோறும் புதுப்புது நாடகம் நடத்தி, இருவரும் ஏமாறுவதைக் கண்டு களிக்கிறார்கள். அவர்களுக்குப் பிரமை எதுவும் இல்லை. அதேசமயம் அவர்களால் ஒரு ஜீவனுக்கும் நன்மையும் இல்லை. இரண்டு பைத்தியக்காரர்களை ஏமாற்ற இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொண்டவர்களும் பைத்தியத்துக்கு வெகு அருகில்தான் இருக்கிறார்கள் என்று கதை சொல்லுபவரே கருதுகிறார். செர்வாண்டிஸின் முரண்நகை இங்கே பரிகசிப்பவர்கள்மீதே திரும்புகிறது.

அவர்கள் வேடிக்கைக்காகச் செய்த ஒரு காரியம் எப்படி முடிந்தது, பார். எழுத்தறியாத குடியானவனான சாங்கோ பான்சாவை ஒரு தீவுக்கு அதிபதி என்று சொல்லித் தங்கள் கிராமம் ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். புறப்படும் முன் டான் குயிக்ஸாட் அவனைத் தனியே அழைத்து, எளிய குடியில் பிறந்ததற்கு வெட்கப்படாதே என்றும், ஏழையின் கண்ணீருக்கு இரங்கு, ஆனால் அதற்காக நியாயத்தை வளைக்காதே என்றும் உபதேசம் செய்கிறார். சிரிக்கக் காத்திருந்தவர்கள் வியக்கும்படி, அந்தச் சாங்கோ வழக்குகளை நேர்மையாகத் தீர்க்கிறான்; சில நாட்களில் பதவியைத் துறந்து, ஒரு காசும் சேர்க்காமல், வந்தது போலவே வெளியேறுகிறான். பொய்யான தீவில் நடந்த அந்த நியாயம் மெய்யானது. எதிரே நிற்கும் வாதியையும் பிரதிவாதியையும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டுத் தீர்ப்புச் சொன்ன ஒருவன் கையில் சேர்ந்தபோது, எஜமானனுடைய இலட்சியம் முதன்முறையாகப் பழுதின்றிப் பலித்தது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மரணப் படுக்கையில் அவர் எதைத் துறந்தார்? வீரக் கதைப் புத்தகங்களைத் துறந்தார், நற்குணத்தைத் துறக்கவில்லை. புத்தி தெளிந்து எழுதிய உயிலிலே, பைத்தியமாக இருந்தபோது சாங்கோவுக்கு ஒரு தீவைத் தர முனைந்த நான், இப்போது முடியுமானால் ஒரு ராஜ்யத்தையே தருவேன், அவன் விசுவாசம் அதற்குத் தகும் என்ற கருத்தை அல்லவா பதிக்கிறார்? பிரமை நீங்கியபின் அன்பு பெருகியதே அன்றிக் குறையவில்லை. ஆகவே அந்த முடிவைத் தோல்வி என்று கொள்ளாதே.

கிராமத்துக்குத் தயங்காமல் போ. ஆனால் உன் மனத்தில் இருக்கும் கிராமத்துக்குப் போகாமல், அங்கே உள்ள கிராமத்துக்குப் போ. உன் பாடம் பிள்ளைகளுக்கு ஏறுகிறதா என்று மாதந்தோறும் பார். ஏறவில்லையென்றால் பிள்ளைகளைக் குறை கூறாமல் முறையை மாற்று. ஒரு பிள்ளைக்காக யாரோடேனும் வழக்காடினால், மறுநாளும் மறுவாரமும் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் போய் நின்று, உன் வழக்கின் பலன் அதற்கு என்னவாயிற்று என்று விசாரி. தோழியரின் பரிகாசத்துக்குக் கோபத்தால் பதில் சொல்லாதே; அதில் ஏதேனும் உண்மை இருந்தால் அதை மட்டும் எடுத்துக்கொள். இவ்வளவையும் செய்தபின் உன் இலட்சியம் நிலைத்து நின்றால், அதைப் பிரமை என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

உன் தீர்மானம் எதுவானாலும் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள தாத்தா